பல் டாக்டர் போட்ட நங்கூரம்

“டாக்டர், இதை இப்போ விடணுமா, பிடிச்சுக்கணுமா?”

படகின் முனையில் நின்றுகொண்டு மெல்ப்போ அம்மாள் கேட்டாள். இருபத்திரண்டு வருடங்களாக ஏதென்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துப் பழகிய கை அவளுடையது. இப்போது அந்தக் கையில் நங்கூரத்தின் பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அமுக்கினால் சங்கிலி இறங்கும், மற்றதை அமுக்கினால் ஏறும். நம்ம நோயாளி நாற்காலி மாதிரிதான், வேறொன்றும் இல்லை என்று சொல்லித்தான் டாக்டர் அவளை இந்தப் பயணத்துக்குக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான்.

“இருங்கக்கா. நான் கையைத் தூக்கினா விடுங்க” என்றான் டாக்டர் பாண்டெலிஸ். அவன் சுக்கானைப் பிடித்திருந்தான்.

வாடகைக்கு எடுத்த அந்தப் பாய்மரப் படகு எர்மூபோலி என்ற தீவு நகரத்தின் துறைமுகத்தில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே படகு கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. கரைக்குத் தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, கரையில் கயிறு கட்ட வேண்டும். கரை நெடுகக் காபிக் கடைகள். எல்லா நாற்காலிகளும் கடலைப் பார்த்துத்தான் கிடக்கும். ஊர்க்காரர்கள் காபி குடிக்க மட்டும் அங்கே வருவதில்லை. படகு கட்டத் தெரியாதவன் எவனாவது வந்து மாட்டுவானா என்று பார்க்கவும்தான் வருகிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால், கரையின் விளிம்பில், கறுப்புத் தொப்பியும் வெள்ளை மீசையுமாக ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். கேப்டன் லினார்டோஸ். நாற்பது வருடம் கடலில் இருந்தவர். ஊரில் யாரும் அவரை வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாண்டெலிஸ் கேட்டதில்லை. அவருடைய மகள் அஸிமீனாவைப் பெண் கேட்கத்தான் அவன் கடல் வழியாக வந்திருந்தான்.

அஸிமீனா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். போன வருடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஏதென்ஸுக்கு வந்தாள். வாய் நிறையப் பஞ்சோடு அவள் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் பாண்டெலிஸ் பேசிக்கொண்டே இருந்தான். அவளால் மறுத்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அப்படித்தான் காதல் ஆரம்பித்தது என்று மெல்ப்போ அம்மாள் வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷயம் அப்பாவின் காதுக்குப் போனது. “கப்பல்ல டிக்கெட் எடுத்து வர்ற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். தானே படகு ஓட்டிக்கிட்டு வரட்டும், பாக்கலாம்” என்று சொல்லிவிட்டார். பாண்டெலிஸ் ஒரு குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போய், சான்றிதழ் வாங்கி, ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பும் எழுதிக்கொண்டான்.

இத்தனைக்குப் பிறகு நேற்று அஸிமீனா போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இதே மாதிரி வந்தாங்க. ஒருத்தர் கடற்படைல இருந்தவரு. வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி வந்து கட்டினாரு. அப்பா வீட்டுப் பக்கமே விடல. கரையிலேயே ஒரு காபி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாரு.”

“ஏன்?”

“தெரியல. கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. நீங்க எதையும் மனசுல போட்டுக்காதீங்க. உங்களுக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி கட்டுங்க, போதும்.”

கடற்படைக்காரனுக்கே காபிதான் என்றால் பல் டாக்டருக்குப் பச்சைத் தண்ணீராவது கிடைக்குமா? இரவெல்லாம் பாண்டெலிஸுக்குத் தூக்கம் வரவில்லை. அஸிமீனா இல்லாமல் இனி அவனால் இருக்க முடியாது. அது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனாலும் இந்த நிமிடம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் நார்வேக்காரர்களின் படகு, இடது பக்கம்... இல்லை, சரியாகச் சொன்னால் இடது பக்கம்தான் நார்வேக்காரர்கள். வெள்ளைத் தலையோடு கணவனும் மனைவியும் மேல்தட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் வாங்கெலிஸ் என்பவருடைய மீன்படகு. இரண்டுக்கும் நடுவில் ஒரு காலி இடம். பாண்டெலிஸின் படகு அந்த இடத்துக்கு நேராக நின்றது. நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தபடி நாலு படகு நீளம் பாக்கி இருந்தது. சொல்லிக்கொடுத்த வாத்தியார் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.

கையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி.

“தம்பி, அங்க போடாதே.”

கரையிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. கேப்டன் லினார்டோஸ் கையை நீட்டினார்.

“காத்து எங்கேருந்து வருது? வடக்கேருந்து. அப்ப நங்கூரம் எங்க விழணும்? வடக்க தள்ளி விழணும். இடது பக்கமா போ. நல்லாப் போயிட்டு அப்புறம் போடு.”

பக்கத்துப் படகின் சங்கிலிக்குக் குறுக்கே போகக் கூடாது என்று நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆனால் எதிரே நிற்பவர் நாற்பது வருடக் கடலோடி. போதாக்குறைக்கு மாமனார் ஆகப் போகிறவர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பாண்டெலிஸ் சுக்கானைத் திருப்பினான்.

“சரிங்க கேப்டன்.”

கேப்டனுக்குப் பின்னால் அஸிமீனா நின்றிருந்தாள். நீல நிறப் பாவாடை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்ததில் இவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று பாண்டெலிஸ் உருகிப்போனான். தானும் பதிலுக்குக் கையைத் தூக்கி ஆட்டினான்.

மெல்ப்போ அம்மாள் கை தூக்கியதைப் பார்த்தாள். பொத்தானை அமுக்கினாள்.

நங்கூரம் கடகடவென்று இறங்கி, நார்வேக்காரர்களின் சங்கிலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. படகு அங்கிருந்து கரையை நோக்கிச் சாய்வாகப் பின்வாங்கியது. வடகாற்று அதை அலாக்காகத் தள்ளிக்கொண்டு போய் வலது பக்க மீன்படகின் மேல் சாய்த்தது.

வலை பிரித்துக்கொண்டிருந்த வாங்கெலிஸ் தலையைத் தூக்கினார்.

“ஏன்யா, சாஞ்சுக்க என் படகு என்ன உனக்குத் தலகாணியா?”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“தம்பி, அவன்கிட்ட என்ன பேச்சு? நங்கூரத்தைத் தூக்கு. தூக்கிட்டு மறுபடி போடு” என்றார் கேப்டன்.

“சரிங்க கேப்டன். அக்கா, தூக்குங்க.”

மெல்ப்போ அம்மாள் மற்ற பொத்தானை அமுக்கினாள். சங்கிலி ஏறியது, முனகியது, நின்றது, மறுபடி ஏறியது. அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

“டாக்டர், நம்ம பல்லோட பக்கத்துப் பல்லும் சேர்ந்து வருது.”

நங்கூரத்தின் கொக்கியில் நார்வேக்காரர்களின் சங்கிலி மாலை போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சங்கிலியின் நுனியில் அவர்களுடைய நங்கூரம் இனி எதையும் பிடித்துக்கொண்டு இல்லை. வெள்ளைத் தலைத் தம்பதி காபியிலிருந்து நிமிர்ந்தபோது ஊர் அவர்களை நெருங்கி வந்துகொண்டிருந்தது. படகின் பின்னால் நீட்டியிருந்த பலகை முதலில் காபிக் கடைக்குள் நுழைந்தது. தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களின் மேசைக்கு அடியில் போய் அது நின்றது.

“என்னடா இது, படகு மேசைக்கே வந்துடுச்சு?” என்றார் ஒருவர்.

“நீ பேச்சை மாத்தாதே. காயை நகர்த்து” என்றார் மற்றவர்.

அஸிமீனா இன்னும் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். இப்போது குதிக்கவும் செய்தாள்.

“தம்பி, பதறாதே” என்றார் கேப்டன். பதறிப்போயிருந்த அந்தத் துறைமுகத்தில் அவர் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. “மீன்படகுக்கு ஒரு கயிறு போடு. அவனைப் பிடிச்சுக்கிட்டு நேரா நில்லு.”

“என்னைப் பிடிக்காதே சாமி” என்றார் வாங்கெலிஸ். “என் நங்கூரமே பேருக்குத்தான் தரையில கிடக்குது.”

“வாங்கெலிஸ், கயிறைக் கட்டுடா. நான் சொல்றேன்ல.”

“நீங்க சொல்றதாலதான் கேப்டன் யோசிக்கிறேன்.”

ஆனால் பாண்டெலிஸ் அதற்குள் கயிற்றை வீசிவிட்டான். வீசப்பட்ட கயிற்றைப் பிடிக்காமல் விடுவது கடற்காரனுக்கு அழகல்ல. வாங்கெலிஸ் அதைப் பிடித்து, வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே கட்டினார். ஒரு நிமிடம் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு காற்று ஒரு தரம் ஓங்கி அடித்தது. மீன்படகின் நங்கூரமும் தரையை விட்டுக் கிளம்பியது; கரையில் கட்டியிருந்த கயிறுகளும் அறுந்து தண்ணீரில் விழுந்தன.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்றாலும் ஒரு குரங்கோடு நின்றிருக்கும். இங்கே மூன்று படகுகள் ஒரே மூட்டையாகி, கரையோரமாக ஒவ்வொரு காபிக் கடையையும் கடந்து ஊர்வலம் போயின. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் தன் வீட்டுக்குப் போன் செய்து, குழந்தைகளை அழைத்து வரச் சொன்னார். கரையிலிருந்து இரண்டடி தூரத்தில் படகு நகர்ந்தபோது, கையில் தட்டோடு நின்ற கடைச் சிப்பந்தி குரல் கொடுத்தான்.

“கேப்டன், காபிக்குச் சக்கரை போடணுமா, வேண்டாமா?”

எந்தக் கேப்டனைக் கேட்கிறான் என்று பாண்டெலிஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். அவனைத்தான் கேட்டான்.

“கொஞ்சமா” என்றான் பாண்டெலிஸ்.

அப்போதுதான் மலைகளில் எதிரொலிக்கும்படி ஒரு சங்கொலி கேட்டது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து வரும் பயணிகள் கப்பல். ஆறு மாடி உயரம். துறைமுகத்துக்குள் திரும்பியது. துறைமுகப் போலீஸ் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

“தம்பி, முழு வேகம், முன்னாடி” என்று கத்தினார், மகளோடு கரையில் கூடவே ஓடி வந்த கேப்டன்.

“கேப்டன், கயிறு தண்ணியில கிடக்குதே.”

“கிடக்கட்டும். முழு வேகம்.”

தண்ணீரில் கயிறு கிடந்தால் இஞ்சினைத் தொடாதே என்று நோட்டுப் புத்தகத்தில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது. ஆனால் நோட்டுப் புத்தகம் யாருக்கும் பெண் கொடுக்காது. பாண்டெலிஸ் முழு வேகம் வைத்தான். படகுக்கு அடியில் ஏதோ ஒன்று சுற்றியது, இறுகியது, ஒரு முறை பெருமூச்சு விட்டது. இஞ்சின் நின்றுபோனது.

கப்பலின் ஒலிபெருக்கி கரகரத்தது.

“முன்னாடி நிக்கிற பாய்மரப் படகு, மீன்படகு, இன்னொரு பாய்மரப் படகு. நீங்க மூணு பேரும் சேர்ந்து எங்க கிளம்பிட்டீங்க?”

காபிக் கடைகளில் சிரிப்பு அலையடித்தது. பாண்டெலிஸ் சுக்கானை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தது இதற்குத்தானா? கடற்படைக்காரன் காபியாவது குடித்துவிட்டுப் போனான். தன்னை அஸிமீனாவின் தெருவைக்கூட மிதிக்க விட மாட்டார்கள். அவள் இப்போது கைகளை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

மெல்ப்போ அம்மாள் முனையிலிருந்து மெதுவாக நடந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு கீரை அப்பத்தை எடுத்துப் பாதியாகப் பிய்த்தாள்.

“டாக்டர், பல்லோட வேர் உடைஞ்சு உள்ள மாட்டிக்கிட்டா நீங்க என்ன செய்வீங்க?”

“கையை எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்.”

“இப்பவும் அதையே செய்யுங்க. இந்தாங்க, சாப்பிடுங்க.”

பாண்டெலிஸ் அப்பத்தை வாங்கிக்கொண்டான். கரையில் கேப்டனும் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை போலிருந்தது.

கப்பல் அந்த மூன்று படகு மூட்டைக்கு ஒதுங்கித் தன் இடத்துக்குப் போயிற்று. அது கிளப்பிவிட்ட அலை துறைமுகத்தின் குறுக்கே உருண்டு வந்தது. மூன்று படகுகளையும் ஒன்றாகத் தூக்கியது, கரைப் பக்கம் தள்ளியது. வாங்கெலிஸும் நார்வேக்காரரும் ஆளுக்கொரு ரப்பர் மிதவையைத் தொங்கவிட்டார்கள். மீன்படகு ஒரு பக்கம், நார்வேப் படகு மறுபக்கம், நடுவில் பாண்டெலிஸின் படகு பத்திரமாக முதுகைக் காட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது.

“அப்படியே வா” என்று கேப்டனுக்குக் குரல் திரும்பியது. “அப்படியே. நல்லா வர்றே.”

கேப்டன் லினார்டோஸின் செருப்புக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், படகு வந்து நின்றது. அவரே குனிந்து கயிற்றை வாங்கி இரும்பு வளையத்தில் கட்டினார். காபிக் கடைகள் கைதட்டின. கைதட்டியது கிண்டலுக்கா, உண்மையாகவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பாண்டெலிஸ் கரையில் இறங்கினான். கையில் அரை அப்பம் இன்னும் இருந்தது. இனி இழக்க ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தான்.

“மன்னிச்சிருங்க கேப்டன். உங்களை ஊர் முன்னாடி தலைகுனிய வச்சிட்டேன். எனக்குக் கடல் தெரியாது. பல்லுதான் தெரியும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். என் இஷ்டத்துக்கு நான் எதுவும் செய்யல. நீங்க சொன்னதை மட்டும்தான் செஞ்சேன்.”

கேப்டனின் மீசை துடித்தது.

“மறுபடி சொல்லு.”

“எதை?”

“கடைசியா சொன்னியே, அதை.”

“நீங்க சொன்னதை மட்டும்தான் செஞ்சேன்.”

கேப்டன் காபிக் கடைகள் பக்கம் திரும்பினார். “கேட்டுக்குங்கடா எல்லாரும்” என்றார். பிறகு பாண்டெலிஸின் தோளில் கைபோட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

“அந்தக் கடற்படைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? ‘பெரியவரே, கொஞ்சம் பேசாம நில்லுங்க, எனக்குத் தெரியும்’னான். அவனுக்கு முன்னாடி வந்தவன் நான் இடதுன்னு கத்துறேன், கேக்காத மாதிரி வலது பக்கம் போறான். ரெண்டு பேரும் அழகாத்தான் கட்டினாங்க. யாருக்கு வேணும் அந்த அழகு? தம்பி, நாப்பது வருஷம் நான் கப்பல்ல இருந்தேன். காத்து மாறுது திருப்புங்கடான்னு சொல்லுவேன். ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். நாப்பது வருஷத்துல நான் சொன்னதை அப்படியே செஞ்ச ஒரே ஆள் நீதான். என் பொண்ணு உனக்குத்தான்.”

அஸிமீனா முகத்திலிருந்து கையை எடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் ஓடி வந்து பாண்டெலிஸைக் கட்டிக்கொண்டாள். மெல்ப்போ அம்மாள் கண்ணேறு படாமலிருக்க மூன்று தரம் துப்பிவிட்டு, வாங்கெலிஸுக்கு மிச்ச அப்பத்தை நீட்டினாள்.

அன்றைக்குப் படகு கட்டும் இடமெல்லாம் விருந்து நடக்கும் இடமாயிற்று. நார்வேக்காரர்கள் ஒரு புட்டியைத் திறந்தார்கள். கேப்டன் மேசை மேசையாகப் போய், முதல் கட்டளையிலிருந்து கடைசிக் கட்டளைவரை, தான் சொன்னதையும் மாப்பிள்ளை செய்ததையும் விவரித்துக்கொண்டிருந்தார். வாங்கெலிஸ் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு படகுக்கு அடியில் விசிறியில் சுற்றிய கயிற்றை அறுக்கத் தண்ணீரில் இறங்கினார்.

சிப்பந்தி ஒரு காபியும் ஒரு தட்டு லுக்குமி மிட்டாயும் கொண்டுவந்து பாண்டெலிஸின் முன்னால் வைத்தான். பாண்டெலிஸுக்குச் சந்தோஷத்திலும் ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

“ஏம்பா, எனக்கு ஒண்ணு புரியல. இவ்வளவு அனுபவம் உள்ள மனுஷன். இவர் பேச்சையா நாப்பது வருஷம் கப்பல்ல ஒருத்தனும் கேக்கல?”

சிப்பந்தி மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“சமையல்காரர் சொல்லி யாராவது கப்பலைத் திருப்புவாங்களா, கேப்டன்?”